அட்டையில் 385, பொடியில் 37: ஒரு குழந்தைப் பால்பொடியும் வேலை நிறுத்திய நொதிகளும்

2003ஆம் ஆண்டு நவம்பர். இஸ்ரேலில் கைக்குழந்தைகள் சிலர் அடுத்தடுத்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், ஓயாத சிணுங்கல், பிறகு எழுப்பினாலும் எழாத அசதி. இதில் எதுவும் குழந்தை மருத்துவருக்குப் புதிதல்ல. கூடவே ஏதாவதொரு தொற்றும் இருந்தது, ஆகவே பழி தொற்றின் மேல் விழுவது இயல்பு. வழக்கைத் திருப்பியது கண். சில குழந்தைகளின் கண்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பவில்லை. சிலருக்குக் கண்மணி மேல்நோக்கி வெட்டி வெட்டித் துடித்தது. இந்தக் கண் அடையாளம் நரம்பியல் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் அதைப் பார்த்துப் பழகியது நெடுங்காலம் குடித்த பெரியவர்களிடம். வெர்னிக்கே மூளைநோய். காரணம் தியமின், அதாவது வைட்டமின் பி1 இல்லாமை.

ஐந்தாறு மாதக் குழந்தைக்குக் குடிப்பழக்கம் ஏது? எல்லோரும் குடித்தது ஒரே பால். பசும்பால் கலக்காத, சோயாவில் செய்த ஒரு பால்பொடி. இஸ்ரேலிய சந்தைக்கென்றே ஜெர்மனியின் ஹுமானா நிறுவனம் தயாரிக்க, ரெமீடியா நிறுவனம் விற்றது. பொடியைச் சோதித்தபோது ஒரு கிராமில் 0.5 மைக்ரோகிராம் தியமின்கூட இல்லை. அட்டையில் அச்சிட்டிருந்தது 100 கிராமுக்கு 385 மைக்ரோகிராம். உள்ளே இருந்தது 29 முதல் 37 வரை. பொடி உடனே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2005இல் மருத்துவ இதழில் வெளியான அறிக்கை 2 முதல் 12 மாதம் வரையிலான 9 குழந்தைகளை விவரிக்கிறது. அவர்களில் இருவர் இதயத்தசை செயலிழந்து இறந்தார்கள். நாடு முழுவதும் பாதிக்கப்பட்டவர்கள் இதைவிட அதிகம்.

நொதி வேலை செய்ய அதன் புரதத்தோடு கூடவே வேண்டிய வேறு பொருளைத் துணைக்காரணி என்பார்கள். நொதிகளின் துணைக்காரணி என்ற பாடத்துக்கு இதைவிடத் துல்லியமான நிகழ்வு கிடைப்பது அரிது. இந்தக் குழந்தைகளின் மரபணுவில் பிழை இல்லை. நொதிப் புரதங்கள் எல்லாம் சரியாகவே உருவாகியிருந்தன. குறைந்தது ஒரே ஒரு சிறு மூலக்கூறு. அதுவும் நாளுக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு.

கணக்கு எப்படி இடித்தது

நான்கு மாதக் குழந்தை நாளுக்குச் சுமார் 800 மி.லி. பால் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 மி.லி. பாலுக்கு ஏறத்தாழ 13 கிராம் பொடி. ஆக நாளுக்கு 104 கிராம். அட்டை சொன்னபடி இருந்திருந்தால் 400 மைக்ரோகிராம் தியமின் கிடைத்திருக்கும். முதல் ஆறு மாதத்துக்குப் போதும் என்று கொள்ளப்படும் அளவு 200 மைக்ரோகிராம், அடுத்த ஆறு மாதத்துக்கு 300. உண்மையில் கிடைத்தது 30 முதல் 38. தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

தியமினைச் சேமித்து வைக்க உடலில் கிடங்கு இல்லை. வளர்ந்தவர் உடலிலேயே மொத்தம் 30 மில்லிகிராம் அளவுதான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். குழந்தையிடம் அதுவும் இல்லை. தாய்ப்பாலும் சேர்த்துக் குடித்த குழந்தைக்கும், கஞ்சி, கூழ் தொடங்கிய குழந்தைக்கும் வேறு வழியில் கொஞ்சம் வந்துவிடும். புட்டிப்பாலை மட்டுமே நம்பியிருந்த குழந்தைக்கு அந்த வழியும் அடைப்பு. அதன் மேல் ஒரு காய்ச்சல் வந்தால் ஆற்றல் செலவு எகிறும், எரிக்க வேண்டிய குளுக்கோஸ் கூடும், அதற்கேற்பத் தியமின் தேவையும் கூடும். எல்லாக் குழந்தைகளும் தொற்றோடு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. தொற்று நோயின் காரணமல்ல, ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்த பானையைக் கவிழ்த்த கை.

நொதிக்குள் தியமின் செய்யும் வேலை

தியமின் அப்படியே வேலைக்கு வராது. செல்லுக்குள் நுழைந்ததும் தியமின் பைரோபாஸ்போகைனேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து அதன் வாலில் இரண்டு பாஸ்பேட்டுகளை ஒட்டும். கிடைப்பது தியமின் பைரோபாஸ்பேட், சுருக்கமாக டி.பி.பி. இதுதான் இணைநொதி, அதாவது கரிம மூலக்கூறாக உள்ள துணைக்காரணி. இந்த முதல் படிக்கே மக்னீசியம் வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் சிகிச்சையில் திரும்ப வரும்.

டி.பி.பி.யின் உருவம்: ஒரு பக்கம் பிரிமிடின் வளையம், மறுபக்கம் நேர்மின்னூட்டம் கொண்ட தயசோலியம் வளையம், நடுவில் இரண்டையும் கோர்க்கும் ஒற்றைக் கார்பன் பாலம், கடைசியில் பாஸ்பேட் வால். நொதிக்குள் இது உண்டிவில்லின் கவட்டை போல மடிந்து உட்காரும். பாஸ்பேட் வாலைப் புரதத்தோடு கட்டுவது ஒரு மக்னீசிய அயனி. வாலில் எதிர்மின்னூட்டம், புரதத்தின் அஸ்பார்ட்டேட்டிலும் எதிர்மின்னூட்டம். இடையில் நேர்மின்னூட்டம் கொண்ட ஓர் அயனி நின்றால்தான் இரண்டும் சேரும். அதாவது இந்தத் துணைக்காரணிக்கே ஒரு துணைக்காரணி தேவை.

வேலை நடக்கும் இடம் தயசோலியம் வளையத்தின் இரண்டாம் கார்பன். அதன் ஹைட்ரஜன் எளிதில் கழலும் என்பதை 1950களின் இறுதியில் வேதியியலாளர் ரொனால்ட் பிரெஸ்லோ காட்டினார். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள கனநீரில் வைத்தால், அந்த ஹைட்ரஜன் மட்டும் டியூட்டீரியமாக மாறுகிறது. ஆனால் வெறும் நீரில் அது போதிய வேகத்தில் கழலாது. நொதிக்குள் கவட்டையாக மடிந்திருப்பதன் பயன் இங்கேதான். பிரிமிடின் வளையத்தின் அமினோ தொகுதி சரியாக அந்த ஹைட்ரஜனுக்கு எதிரே வந்து நிற்கும். புரதத்தின் ஒரு குளூட்டமேட் அந்த வளையத்தைப் பின்னாலிருந்து தூண்டிவிடும். அமினோ தொகுதி ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும். மிஞ்சுவது எலெக்ட்ரான் இணையோடு நிற்கும் ஒரு கார்பன். குளுக்கோஸ் சிதைவில் கிடைக்கும் பைருவேட்டின் கார்போனைல் கார்பனை அது கவ்வும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அப்போது மிஞ்சும் எலெக்ட்ரான்களைத் தயசோலியம் வளையம் வாங்கி வைத்துக்கொள்ளும். இருபது அமினோ அமிலங்களில் எதன் பக்கச் சங்கிலியாலும் இந்த வாங்கி வைக்கும் வேலையைச் செய்ய முடியாது. புரதம் இடத்தையும் கோணத்தையும் தருகிறது, வேதியியலைச் செய்வது டி.பி.பி. பாடநூல்களில் துணைக்காரணியை நொதிக்கு 'உதவும்' பொருள் என்று எழுதுவது பழக்கம். இந்த நொதிகளைப் பொறுத்தவரை அது தலைகீழ்.

மனித உடலில் டி.பி.பி.யை நம்பியிருக்கும் முக்கிய இடங்கள் நான்கு. பைருவேட் டீஹைட்ரஜனேஸ் வளாகம், குளுக்கோஸிலிருந்து வந்த பைருவேட்டை அசெட்டைல் கோ-ஏ ஆக்கி மைட்டோகாண்ட்ரியாவின் சுழற்சிக்குள் அனுப்பும் வாசல். ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேஸ், அதே சுழற்சியின் நடுவில் உள்ள கண்ணி. கிளைச் சங்கிலி அமினோ அமிலங்களைச் சிதைக்கும் டீஹைட்ரஜனேஸ். செல்லின் திரவப் பகுதியான சைட்டோசோலில் இருக்கும் டிரான்ஸ்கீட்டோலேஸ். முதல் மூன்றும் பெரிய வளாகங்கள், டி.பி.பி. தவிர லிப்போயிக் அமிலம், கோ-ஏ, எஃப்.ஏ.டி., என்.ஏ.டி. ஆகியவையும் அவற்றுக்கு வேண்டும். ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற நான்கும் சும்மா நிற்கும்.

இப்போது குழந்தையின் உடலுக்குத் திரும்புவோம். வாசல் அடைபட்டால் பைருவேட் தேங்கும். தேங்கிய பைருவேட்டை லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் லாக்டேட் ஆக்கும். அந்த நொதிக்கு டி.பி.பி. தேவையில்லை, எலெக்ட்ரான் ஏற்றிய என்.ஏ.டி.யான என்.ஏ.டி.எச். போதும். ரத்தத்தில் அமிலம் ஏறும். மூளையும் இதயமும் குளுக்கோஸை முழுதாக எரிக்க முடியாமல் பட்டினி கிடக்கும், சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே. பெரியவர்களின் வெர்னிக்கே நோயில் மூளைத்தண்டின் நடுக்குழாயைச் சுற்றிய பகுதி, தாலமஸ், மாமில்லரி முகைகள் ஆகியவை அடிபடும். இந்தக் குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் அவற்றோடு முன்மூளைப் புறணியும் அடித்தள முடிச்சுகளும் சமச்சீராகப் பாதிக்கப்பட்டிருந்தன. வேகமாக வளரும் மூளைக்கு எரிபொருள் தேவை அதிகம். சேதம் அந்தத் தேவையைப் பின்பற்றிச் சென்றிருக்கிறது.

லாக்டேட் ஏறியிருந்தால் என்ன பார்ப்பது

அசதியான கைக்குழந்தை, ஏறிய லாக்டேட், சமச்சீரான மூளைச் சேதம். இந்த மூன்றும் சேர்ந்தால் எவருக்கும் முதலில் தோன்றுவது பிறவி மைட்டோகாண்ட்ரியக் கோளாறு. அந்தப் பாதையில் போனால் மரபணுச் சோதனையின் முடிவு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்போம். தியமின் குறைபாட்டுக்கு அத்தனை நாள் கிடையாது.

பிரித்தறிய ஒரு மலிவான தடயம் உண்டு: லாக்டேட்டுக்கும் பைருவேட்டுக்கும் உள்ள விகிதம். பைருவேட் டீஹைட்ரஜனேஸ் வாசலில் அடைப்பு என்றால் இரண்டும் சேர்ந்தே ஏறும். விகிதம் 20க்குள் நிற்கும். என்.ஏ.டி.எச்.சின் எலெக்ட்ரான்களை வாங்கி ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் கோளாறு என்றால் என்.ஏ.டி.எச். குவிந்து பைருவேட்டை லாக்டேட் பக்கம் தள்ளும். விகிதம் 20ஐத் தாண்டும். ஆனால் மாதிரி எடுக்கும் விதத்தில் இந்தத் தடயம் எளிதில் கெடும். கையை இறுக்கக் கட்டி, அழும் குழந்தையிடம் பத்து நிமிடம் ஊசியோடு போராடி எடுத்த ரத்தத்தில் லாக்டேட் பொய்யாக ஏறும். சாம்பல் மூடிக் குழாயில், அதாவது ஃபுளோரைடு உள்ளதில் எடுத்து உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும்; இல்லையென்றால் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே குளுக்கோஸை லாக்டேட் ஆக்கிக்கொண்டிருக்கும். பைருவேட் இன்னும் நிலையற்றது. படுக்கையருகிலேயே குளிர்ந்த பெர்குளோரிக் அமிலத்தில் புரதத்தை வீழ்படியச் செய்தால்தான் எண்ணை நம்பலாம்.

துணைக்காரணியைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கும் சோதனை

இஸ்ரேலியக் குழந்தைகளில் நோயை உறுதிசெய்தது டிரான்ஸ்கீட்டோலேஸ் சோதனை. இதன் தர்க்கம் அழகானது. தியமின் இல்லாதபோது டிரான்ஸ்கீட்டோலேஸ் புரதத்தின் ஒரு பகுதி துணைக்காரணி இல்லாத வெற்று நொதியாகச் சிவப்பணுவில் உட்கார்ந்திருக்கும். சோதனைக்குழாயில் டி.பி.பி.யை ஊற்றினால் அது உயிர் பெறும். எவ்வளவு உயிர் பெறுகிறதோ அவ்வளவு பற்றாக்குறை.

செய்முறை இப்படிப் போகும். ரத்தத்தை மையவிலக்கி பிளாஸ்மாவை நீக்கி, சிவப்பணுக்களைக் குளிர்ந்த உப்புநீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உறைய வைத்து உருக்கினால் செல்கள் உடையும். உடைந்த கரைசலை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றில் வெறும் தாங்கல் கரைசல், மற்றதில் மிகுதியான டி.பி.பி.; 37 டிகிரியில் அரை மணி நேரம். இந்த அரை மணி நேரத்தைக் குறைத்தால் சோதனை பொய் சொல்லும், ஏனெனில் வெற்று நொதி துணைக்காரணியை ஏற்று மடிய நேரம் எடுக்கும். பிறகு ரைபோஸ்-5-பாஸ்பேட். டிரான்ஸ்கீட்டோலேஸுக்கு உண்மையில் இரண்டு சர்க்கரைகள் வேண்டும். மற்றதான சைலுலோஸ்-5-பாஸ்பேட்டைச் சிவப்பணுவில் உள்ள வேறு நொதிகளே ரைபோஸிலிருந்து செய்துகொள்ளும், தனியாக வாங்கத் தேவையில்லை. விளைபொருளான கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டை இன்னும் இரண்டு நொதிகள் வழியாக என்.ஏ.டி.எச். செலவாகும் வினையோடு இணைத்து, 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, டி.பி.பி. இல்லாமல் 0.60 அலகு, சேர்த்தபின் 0.87 என்று வைப்போம். கூடியது 0.27; அதை 0.60ஆல் வகுத்தால் 45 சதவீதம். இதுவே டி.பி.பி. விளைவு. 15 சதவீதம் வரை இயல்பு, 15 முதல் 25 வரை எல்லைக்கோடு, 25க்கு மேல் கடும் குறைபாடு.

இனி இடறும் இடங்கள். முதலாவது, தியமின் ஊசி போட்டபின் எடுத்த ரத்தம் எதற்கும் உதவாது. வெற்று நொதி உடலுக்குள்ளேயே நிரம்பிவிட்டிருக்கும், விளைவு 3 சதவீதம் என்று வரும், குறைபாடே இல்லை என்று தாள் சொல்லும். சிகிச்சைக்கு முன் ஒரு குழாய் ரத்தத்தை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துவிட்டு ஊசியைப் போட்டுவிட வேண்டும். சோதனை முடிவுக்காக ஊசியை நிறுத்திவைக்கக் கூடாது.

இரண்டாவது, ஊதா மூடிக் குழாய். ரத்தம் உறையாமல் இருக்க அதிலிட்டுள்ள இ.டி.டி.ஏ. மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செல்களைச் சரியாகக் கழுவாமல், தாங்கல் கரைசலில் மக்னீசியம் குளோரைடும் சேர்க்காமல் விட்டால், ஊற்றிய டி.பி.பி. நொதியில் ஒட்டாது. இரண்டு குழாய்களும் தாழ்வாகவே வரும், விளைவு ஒன்றுமில்லை என்று தோன்றும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. பற்றாக்குறை நீண்டுகொண்டே போனால் வெற்று நொதி நிலையாக இருப்பதில்லை. செல் அதைச் சிதைத்துவிடும், புதிதாகவும் குறைவாகவே செய்யும். அப்போது டி.பி.பி. இல்லாமல் 0.30, சேர்த்தபின் 0.33 என்று வரலாம். விளைவு 10 சதவீதம், காகிதத்தில் 'இயல்பு'. ஆனால் அடிப்படைச் செயல்பாடே பாதியாகக் கிடக்கிறது. சதவீதத்தை மட்டும் அச்சிடும் ஆய்வகம் நோயாளியைத் தவறவிடும். இரண்டு எண்களையும் தர வேண்டும். இந்தக் குறையால்தான் இன்று பல இடங்களில் முழு ரத்தத்தின் டி.பி.பி.யையே நேராக அளக்கிறார்கள். டி.பி.பி.யின் பெரும்பங்கு சிவப்பணுக்குள் இருப்பதால் அந்தச் சோதனைக்குப் பிளாஸ்மாவை அனுப்பினால் வீண்.

ஊசி

சிகிச்சை எளியது, மலிவானது. தியமின் 50 முதல் 100 மில்லிகிராம், நரம்பிலோ தசையிலோ. குழந்தையின் நாள் தேவை 0.2 மில்லிகிராம் என்று தெரிந்தவருக்கு 250 மடங்கு, 500 மடங்கு கொடுப்பது பதற்றமாக இருக்கும். வாய்வழியாக உறிஞ்சப்படும் அளவுக்கு உச்சவரம்பு உண்டு, வாந்தியெடுக்கும் குழந்தையிடம் அதுவும் நிச்சயமில்லை; மூளைக்குள் தியமினை ஏற்றும் கடத்திப் புரதமும் விரைவில் நிறைந்துவிடும், அதைத் தாண்டித் தள்ள ரத்தத்தில் செறிவு மிக உயர வேண்டும். மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். மிக அரிதான ஒவ்வாமையைத் தவிரப் பெரிய ஆபத்து இல்லை; நரம்பில் மெதுவாகப் போட வேண்டும், அவ்வளவே. நோய் தியமின் குறைபாடுதான் என்றால் லாக்டேட் சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும், கண் அசைவு ஓரிரு நாளில் திரும்பும். அந்த இறக்கமே நோயறிதலும் ஆகும். தியமினுக்குக் கட்டுப்படும் சில மரபுக் கோளாறுகளும் இதே போலத் தோற்றமளிக்கும் என்பதால், சந்தேகம் வந்ததும் போட்டுவிடுவதே நடைமுறை.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அசதியான குழந்தைக்கு முதலில் குளுக்கோஸ் ஏற்றுவது எல்லா ஊரிலும் கை தானாகச் செய்யும் வேலை. வாசல் மூடியிருக்கும்போது குளுக்கோஸைக் கொட்டினால் பைருவேட் மேலும் தேங்கும், லாக்டேட் மேலும் ஏறும், மிச்சமிருந்த கொஞ்ச டி.பி.பி.யால் ஈடுகொடுக்க முடியாது. சர்க்கரை உண்மையிலேயே தாழ்ந்திருந்தால் குளுக்கோஸைத் தள்ளிப்போடவும் முடியாது. தியமினைக் கூடவே கொடுத்துவிட வேண்டும். பைகார்பனேட்டை எவ்வளவு ஏற்றினாலும் இந்த அமிலத்தன்மை அடங்காது. அமிலம் உற்பத்தியாகும் இடத்தில் மூடியைத் திறக்காமல் வெளியே துடைத்துக்கொண்டிருப்பது போல அது.

ஊசி போட்டும் அசைவில்லையா? மக்னீசியத்தைப் பாருங்கள். தியமினை டி.பி.பி. ஆக்கவும் டி.பி.பி.யை நொதியில் கட்டவும் அது வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். மக்னீசியம் தாழ்ந்த நோயாளிகளில் தியமின் வேலை செய்யாமல் இருந்து, மக்னீசியம் ஏற்றியபின் குணமான நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தையில் இந்தச் சாத்தியத்தை மறக்கக் கூடாது.

சோயாவில் பி1 இருக்கிறதே?

இருக்கிறது. பச்சை சோயா பயறு 100 கிராமில் 0.8 மில்லிகிராமுக்கு மேல். தவறு அங்கே தொடங்கியது. புதிய கலவைக்கு மாறியபோது, சோயாவிலேயே போதிய பி1 உள்ளது என்று கருதித் தனியாகச் சேர்ப்பது கைவிடப்பட்டது.

பயறில் இருப்பது பொடியில் இருக்காது. குழந்தைப் பாலுக்குப் போவது பயறு அல்ல, பிரித்தெடுத்த சோயாப் புரதம். கொழுப்பு நீக்கிய மாவை இலேசான காரநீரில் கரைத்து நாரை வடிகட்டி, பிறகு அமிலம் சேர்த்து பி.எச். 4.5க்கு இறக்கினால் புரதம் திரிந்து அடியில் தங்கும். நீரில் கரையும் எல்லாமும் மேலே நிற்கும் நீரோடு போய்விடும், தியமினும் அதில்தான். மிஞ்சியதையும் காரமும் சூடும் அழிக்கும்: தியமின் அமிலத்தில் சூட்டைத் தாங்கும், பி.எச். 7ஐத் தாண்டினால் தயசோலியம் வளையம் திறந்து சிதைந்துவிடும். சல்ஃபைட்டோ நடுவிலுள்ள பாலத்தை வெட்டி வளையங்கள் இரண்டையும் தனித்தனியாக்கிவிடும். புரதச் செரிமானத்தைக் கெடுக்கும், சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பானைக் கொல்ல வெப்பமூட்டுவதையும் தவிர்க்க முடியாது.

அரிசி உண்ணும் நம் ஊருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தியமின் போய்விடும், மிச்சம் கழுநீரோடு மாட்டுத் தொட்டிக்குப் போகும். புழுங்கல் அரிசியில் நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலும் முளையிலும் உள்ள வைட்டமின் உள்ளே அரிசிமணிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் ஓரளவு தங்கும். பழைய சென்னை மாகாணத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட வடக்குக் கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் தியமின் குறைபாட்டு நோயான பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தெற்கில் அப்படி இல்லை. 1935 முதல் 1945 வரை குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஆய்க்ராய்டின் காலத்தில் அரிசியைப் பற்றிய இத்தகைய ஆய்வுகள் அங்கே விரிவாக நடந்தன. 'நெல்லில் இருக்கிறது' என்பதற்கும் 'சோற்றில் இருக்கிறது' என்பதற்கும் நடுவில் ஓர் ஆலை நிற்கிறது.

ஆகவே, கலவையில் எந்தப் பொருளை மாற்றினாலும் கணிப்பை நம்பாமல், முடிந்த பொடியில், ஒவ்வொரு தொகுதியிலும் அளக்க வேண்டும். அளக்கும் முறையிலும் குழிகள் உண்டு. வழக்கமான தயோகுரோம் முறையில் மாதிரியை 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆட்டோகிளேவில் வேகவைத்து, பாஸ்பேட் வால்களை நொதியால் வெட்டி, பிறகு காரத்தில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு சேர்ப்பார்கள். தியமின் நீலமாக ஒளிரும் தயோகுரோமாக மாறும். வாலை வெட்டும் படி குறையாக நின்றால் கிடைக்கும் எண் உண்மையைவிடத் தாழும். அது ஆபத்தில்லாத பிழை. அதிகமாகச் சேர்ப்பார்கள், அவ்வளவே. எதிர்ப்பக்கப் பிழைதான் கொல்லும். உணவுப் பொருளில் தானாகவே ஒளிரும் வேறு சேர்மங்கள் இருக்கும். ஃபெர்ரிசயனைடு சேர்க்காத வெற்று மாதிரியை ஒவ்வொரு முறையும் ஓட்டிக் கழிக்காவிட்டால் அந்த ஒளியெல்லாம் தியமின் கணக்கில் ஏறும். இல்லாத வைட்டமின் தாளில் இருப்பதாகத் தெரியும். தெரிந்த அளவு டி.பி.பி.யை மாதிரியில் கலந்து, அது முழுதாகத் தியமினாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது முதல் வகைப் பிழையைக் காட்டும். இரண்டாவதைக் காட்டுவது வெற்று மாதிரி மட்டுமே. சேர்க்கும்போது அட்டை அளவைவிடக் கூடுதலாகவே சேர்ப்பதும், உலர் பொடிக்கு ஈரம் இழுக்கும் ஹைட்ரோகுளோரைடை விட்டு மோனோநைட்ரேட்டை எடுப்பதும், காலாவதி நாள்வரை அளவு தாங்குவதற்காக.

தியமின் தனியாக விடுபட்டு உயிர் போனது இது முதல் முறையும் அல்ல. அமெரிக்காவில் 1980களின் இறுதியில், நரம்பு வழியாக முழு உணவும் பெற்ற மூன்று நோயாளிகள் அதில் தியமின் இல்லாததால் இறந்ததாகப் பதிவு உண்டு. 1997இல் அந்த உணவில் கலக்கும் பல்வைட்டமின் ஊசிக்கு நாடு தழுவிய தட்டுப்பாடு வந்தபோது, விளங்காத லாக்டிக் அமிலத்தன்மை மறுபடி தலைகாட்டியது.

பிறகு

2003இல் உயிர் பிழைத்த குழந்தைகளில் சிலருக்கு வலிப்பு நோய் தங்கிவிட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, நரம்பியல் அறிகுறி எதுவும் காட்டாமல் அந்தப் பொடியை மட்டும் குடித்திருந்த குழந்தைகள். 5 முதல் 7 வயதில் அவர்களில் 59 பேரின் மொழித்திறனைச் சோதித்து 2011இல் ஆய்வு வெளியானது. வாக்கியங்களைப் புரிந்துகொள்வது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது, படத்தைப் பார்த்துப் பெயரை நினைவிலிருந்து எடுப்பது. 59 பேரில் 57 பேர் தடுமாறினார்கள். ஒப்பிட எடுத்த 35 குழந்தைகளில் 3 பேர் மட்டுமே. அந்த 59 பேரின் உடலில் டி.பி.பி. ஐந்து வருடங்களாகச் சரியான அளவில்தான் இருந்தது.